குடல் அழற்சிக்குக் குறைந்த விலை பயோசிமிலர் ஊசி: கொழும்பில் தொடங்குமுன் ஒரு வருடத்துக்குக் கணக்குப் போடுங்கள்

நாட்பட்ட குடல் அழற்சி நோய்களான குரோன்ஸ், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இரண்டில் ஒன்று இருக்கிறது, குளிசைகள் போதவில்லை, இனி பயோலொஜிக் (உயிருள்ள செல்களில் வளர்த்தெடுக்கும் மருந்து) ஊசிதான் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். வெளியே வந்ததும் எல்லாரும் செய்வது ஒன்றுதான்: வெள்ளவத்தையிலிருந்து மருதானை வரை பாமசி பாமசியாகப் போன் போட்டு "ஒரு வயல் (மருந்துக் குப்பி) எவ்வளவு?" என்று கேட்பது. கேட்கத்தான் வேண்டும், ஆனால் அந்த ஒரு விலையை வைத்து முடிவெடுக்காதீர்கள். இது வருடக்கணக்கில் போகிற மருந்து. முதல் மூன்று ஊசியை மலிவாக வாங்கிப் போட்டுவிட்டு நான்காவதுக்குக் காசில்லாமலோ சரக்கில்லாமலோ நின்றால், மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும், சில நேரம் அந்த மருந்தே இனி உங்கள் உடம்பில் வேலை செய்யாது. அதனால்தான் கீழே வரும் எல்லாமே ஒரு வருடக் கணக்கைச் சுற்றிப் போகிறது.

நான் வைத்தியர் இல்லை. வீட்டில் நோயாளி இருப்பதால் ஃபைலும் ஐஸ் பெட்டியும் தூக்கித் திரிகிற ஆள். அளவை மாற்றுவது, நிறுத்துவது எல்லாம் உங்கள் டொக்டரோடு கதைத்துத்தான்.

முதலில், மலிவான பயோசிமிலர் டூப்ளிகேட்டா?

இந்தச் சந்தேகம் வராத குடும்பம் இல்லை. "அந்த மலிவு ஊசி டூப்ளிகேட்டாம் தம்பி, போடாதேங்கோ" என்று ஒரு மாமியாவது சொல்லியிருப்பார். பதில் தெரிந்திருக்க வேண்டும்.

அஸ்பிரின் மூலக்கூறில் 21 அணுக்கள்தான். யாரும் அப்படியே செய்யலாம், அதுதான் ஜெனரிக். இந்தப் பயோலொஜிக் ஊசிகளில் ஒன்றான இன்ஃப்ளிக்சிமாப் என்பது ஏறத்தாழ 20,000 அணுக்கள் கொண்ட ஒரு புரதம், அதை உயிருள்ள செல்களில் வளர்த்துத்தான் எடுக்கிறார்கள். இரண்டு கம்பனி செய்தால் அச்சொட்டாக ஒன்றாக வராது. ஒரே கம்பனியின் இரண்டு தொகுதிகளுக்குள்ளேயே சின்ன வித்தியாசம் இருக்கும், முதலில் கண்டுபிடித்த கம்பனியின் மூல மருந்துக்கும் அது பொருந்தும். அதனால் இதை ஜெனரிக் என்று சொல்லாமல் பயோசிமிலர் என்கிறார்கள். அமைப்பு, செயல், நோயாளியில் விளைவு, பக்கவிளைவு எல்லாம் மூல மருந்தோடு ஒத்துப்போகிறது என்று காட்டினால்தான் ஒழுங்கான நாடுகளில் அனுமதி. ஆராய்ச்சியை முதலிலிருந்து செய்ய வேண்டியதில்லை என்பதாலும் போட்டியாலும் விலை குறைகிறது. சரக்கு மட்டம் என்பதால் குறைவதில்லை.

மூல இன்ஃப்ளிக்சிமாப் ரெமிகேட், 1998இல் அமெரிக்காவில் குரோன்ஸுக்கு அனுமதி பெற்றது. அதன் முதல் பயோசிமிலரான ரெம்சிமாவைத் தென்கொரியாவின் செல்ட்ரியன் செய்தது, ஐரோப்பாவில் 2013இல் அனுமதி. இதே மாதிரி இன்னொரு ஊசியான அடலிமுமாபின் மூல மருந்து ஹியூமிரா. அதற்கு உலகின் முதல் பயோசிமிலரை 2014 கடைசியில் இந்தியாவின் ஸைடஸ் எக்ஸெம்ப்டியா என்ற பெயரில் இறக்கியது. அமெரிக்காவில் பேட்டன்ட் இழுபறி முடிந்து ஹியூமிராவின் பயோசிமிலர் கடைக்கு வர 2023 ஆயிற்று. உஸ்டெகினுமாப் என்று இன்னொரு பயோலொஜிக், அதாவது ஸ்டெலாரா, அதற்கும் இப்போது பயோசிமிலர்கள் வந்துவிட்டன.

போட்டி வந்தால் விலை எப்படி விழும் என்பதற்கு நோர்வேயைப் பாருங்கள். 2015 அரச டெண்டரில் ரெம்சிமா, மூல மருந்தின் விலையிலிருந்து 69 சதவீதம் குறைத்துக் கேட்டது. அதே நாட்டு அரசாங்கம் காசு போட்டு நோர்-சுவிட்ச் என்ற ஆய்வையும் செய்தது. ரெமிகேட்டில் நிலையாக இருந்த 482 பேரில் பாதிப்பேரை பயோசிமிலருக்கு மாற்றி ஒரு வருடம் பார்த்தார்கள். நோய் மோசமானது மூல மருந்தில் 26 சதவீதம், பயோசிமிலரில் 30 சதவீதம். முன்கூட்டி வைத்த எல்லைக்குள்தான் அந்த வித்தியாசம். இதில் ஒரு விஷயத்தை மறைக்கக்கூடாது: குரோன்ஸ்காரரை மட்டும் பிரித்துப் பார்த்தால் 21க்கு 36 என்று வந்தது, பயமுறுத்துகிறவர்கள் இந்த எண்ணைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஆனால் அந்த ஆய்வு ஒவ்வொரு நோயையும் தனித்தனியாகத் தீர்மானிக்கிற அளவுக்குப் பெரியதல்ல. அதன் தொடர்ச்சியில் அந்த இடைவெளி காணாமல் போனது. பிறகு குரோன்ஸ்காரர் 220 பேரை மட்டும் வைத்துச் செய்து 2019இல் வெளியான ஆய்விலும் பயோசிமிலர் பின்தங்கவில்லை. ஐரோப்பிய குடல் அழற்சி வைத்தியர்களின் அமைப்பே 2013இல் தயங்கி நின்று, சில வருடத்தில் தரவைப் பார்த்து நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது. எனக்கு இதுவே போதும்.

படி 1: நோய் அதுதானா?

மேற்கு நாட்டு வழிகாட்டிகளில் இது ஒரு வரியில் போய்விடும், நமக்கு அப்படியில்லை. சிறுகுடல் முடிகிற இடத்தில் வரும் குடல் காசநோய், ஸ்கோப்பில் (குடலுக்குள் கமராக் குழாய் விட்டு) பார்க்க குரோன்ஸ் மாதிரியே இருக்கும். தெற்காசிய வைத்தியர்களை ஆண்டாண்டாகக் குழப்புகிற சோடி இது. காசநோய்க்கு இன்ஃப்ளிக்சிமாப் ஏற்றினால் என்ன ஆகும்? அந்த மருந்து தடுக்கிற டிஎன்எஃப் என்ற பொருள்தான் காசநோய்க் கிருமியைச் சுவர் கட்டி அடைத்து வைப்பது. சுவரை நாமே இடிக்கிறோம். அதனால் பயொப்ஸி (குடல் சதைத்துண்டுப் பரிசோதனை) அறிக்கையில் காசநோய் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். அறிக்கையின் கொப்பியை வீட்டில் வையுங்கள்.

கொலைட்டிஸ்காரருக்கு இன்னொன்று: இரத்தத்தோடு போகிறது என்றால் உடனே நோய் கிளம்பிவிட்டது என்று நினைக்காமல் மலப் பரிசோதனை செய்து அமீபாவும் குளொஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற கிருமியும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். இருநூறு முந்நூறு ரூபாய்க் குளிசையால் தீரவேண்டிய வருத்தத்துக்கு பயோலொஜிக் தேவையில்லை.

அப்புறம், மலிவானவற்றைச் சரியாகப் பாவித்தோமா என்ற கேள்வி. குடல் வீக்கத்தைக் குறைக்கும் மெசலசீனை முழு அளவில் எடுத்தோமா, கொலைட்டிஸ் கீழ்ப்பகுதியில்தான் என்றால் எனிமா போட்டோமா அல்லது வெட்கத்தில் விட்டோமா? நோயெதிர்ப்பை அடக்கும் குளிசையான அசாதியோபிரீன் போதிய காலம் எடுத்தோமா? அதில் ஒரு எச்சரிக்கை உண்டு. நம் பகுதி ஆட்களில் சிலருக்கு மரபணு வேறுபாட்டால் அது வெள்ளணுக்களைச் சட்டென்று இறக்கிவிடும், ஆரம்ப வாரங்களில் இரத்தப் பரிசோதனையைத் தவறவிடக்கூடாது. மறுபக்கம், பிரட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட் மலிவு என்பதற்காக மாதக்கணக்கில் அதிலேயே ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். எலும்பு, சீனி, கண் என்று அதன் பில் பின்னால் வரும். ஸ்டீரொய்டை நிறுத்தும்போதெல்லாம் நோய் திரும்புகிறது என்றால் பயோலொஜிக்கைப் பற்றிக் கதைக்க அதுவே நேரம்.

படி 2: தொடங்குமுன் பரிசோதனைகள்

நெஞ்சு எக்ஸ்ரே, காசநோய்க்கு மண்டூ (தோலில் ஊசி போட்டு வீக்கம் பார்ப்பது) அல்லது இக்ரா இரத்தப் பரிசோதனை, ஹெபடைடிஸ் பி, எச்ஐவி, முழுக் குருதி எண்ணிக்கை, ஈரல். இலங்கையில் பிறந்த எல்லாருக்கும் பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) போட்டிருப்பதால் மண்டூ வீங்கினாலே காசநோய் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தமில்லை. இக்ரா அந்தக் குழப்பத்தைக் குறைக்கும், ஆனால் விலை. ஸ்டீரொய்டில் இருக்கும்போது இரண்டுமே பொய்யாக "இல்லை" என்று காட்டலாம், ஆகவே முடிந்தால் ஸ்டீரொய்ட் தொடங்குவதற்கு முன்பே செய்துவிடுங்கள். ஒளிந்த காசநோய் என்று முடிவானால் அதற்கான மருந்தைச் சில வாரம் எடுத்த பிறகுதான் பயோலொஜிக். நெஞ்சுநோய் கிளினிக்கில் அந்த மருந்து இலவசம்.

ஹெபடைடிஸ் பி அமைதியாக உள்ளே இருந்தால் இந்த ஊசி அதை எழுப்பிவிடும். சின்னம்மை போன்ற உயிர்த் தடுப்பூசிகள் (உயிருள்ள, பலவீனமாக்கிய கிருமியால் செய்தவை) தேவையென்றால் முன்னமே போட வேண்டும், தொடங்கிய பிறகு அந்த வகைக்கு இடமில்லை. இதயம் பலவீனமானவர்கள் அதையும் சொல்ல வேண்டும், குடல் டொக்டர் கேட்காவிட்டாலும்.

படி 3: கணக்கு

ஒரு கொப்பியை எடுங்கள்.

இன்ஃப்ளிக்சிமாப் வழமையாக உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம். முதல் நாள், 2ஆம் வாரம், 6ஆம் வாரம், பிறகு 8 வாரத்துக்கு ஒருமுறை. வாரங்களை எழுதிப் பாருங்கள்: 0, 2, 6, 14, 22, 30, 38, 46. முதல் வருடத்தில் 8 தடவை. ஒரு வயல் 100 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 300 மில்லிகிராம், 3 வயல், வருடத்துக்கு 24 வயல். அடுத்த வருடங்களில் 6 அல்லது 7 தடவைதான்.

இப்போது அதே ஆள் 62 கிலோ என்று வையுங்கள். 310 மில்லிகிராம். நான்காவது வயலை உடைத்து 10 மில்லிகிராம் எடுத்து மிச்சம் 90ஐக் கொட்டப் போகிறார்கள். எட்டுத் தடவைக்கு எட்டு வயல், காசு கண்முன்னே வாளியில் போகும். "டொக்டர், 310ஐ 300 ஆக எடுக்கலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் முடியும், சில நேரம் நோயின் கடுமையால் முடியாது, எதுவென்றாலும் அவர் வாயால் வரட்டும். பயோசிமிலருக்கும் மூல மருந்துக்கும் உள்ள விலை வித்தியாசத்தைப் பற்றி மணிக்கணக்கில் கதைக்கிறவர்கள் இந்த ஒரு கேள்வியைக் கேட்பதில்லை.

குடல் ஆறினால் சாப்பாடு ஒட்டும், நிறை ஏறும். 60 கிலோ 68 ஆகும். சந்தோஷம்தான், ஆனால் கணக்கும் ஏறும். வளர்கிற பிள்ளை என்றால் இன்னும் கூட. சிலருக்கு நாள் போக அளவைக் கூட்டவோ இடைவெளியைக் குறைக்கவோ வேண்டி வரும். ஆகவே வருடச் செலவில் கொஞ்சம் இடம் விட்டுத்தான் எழுத வேண்டும்.

அடலிமுமாப் வீட்டில் தோலுக்குக் கீழே போடுவது, நிறை பார்ப்பதில்லை. முதல் நாள் 160, இரண்டாம் வாரம் 80, நான்காம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 40 மில்லிகிராம். 40 மில்லிகிராம் நிரப்பிய ஊசிப் பேனாவாகக் கணக்குப் போட்டால் 4, அப்புறம் 2, அப்புறம் 24. முதல் வருடம் 30 பேனா, அடுத்தடுத்த வருடம் 26.

எதைத் தெரிவது என்பதில் வயல் விலையோடு ஏற்றுகிற நாளின் செலவையும் சேர்க்க வேண்டும். தனியார் வைத்தியசாலையில் இன்ஃப்ளிக்சிமாப் ஏற்ற கட்டில், நர்ஸ், சேலைன், டொக்டர் என்று ஒரு பில் வரும். மருந்து எந்தப் பிராண்டானாலும் அந்தப் பில் மாறாது. அதனால் வயலில் பாதி விலை குறைந்தால் மொத்தச் செலவு பாதியாகாது. அடலிமுமாபில் அந்தச் செலவு இல்லை, ஆனால் வீட்டில் குளிர்சாதனப் பெட்டியும் ஊசி போடத் தைரியமும் வேண்டும். குத ஓரத்தில் ஃபிஸ்டுலா (குடலிலிருந்து தோலுக்குத் திறக்கும் புண் வழி) உள்ள குரோன்ஸ், வார்டில் படுக்கிற அளவு கடுமையான கொலைட்டிஸ் என்றால் டொக்டர்கள் இன்ஃப்ளிக்சிமாப் பக்கம்தான் சாய்வார்கள், அங்கே விலை பார்த்து மாற்றக் கேட்காதீர்கள்.

இந்தக் கொப்பியைப் பார்த்து குறைந்தது ஒரு வருடத்துக்கான வழி தெரியவில்லை என்றால், தொடங்குவதற்கு முன்பே டொக்டரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். விட்டு விட்டுப் போட்டால் உடம்பு மருந்துக்கு எதிராகவே எதிர்ப்புப் பொருளைக் கட்டிவிடும், நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்ப ஏற்றும்போது ஒவ்வாமையும் கடுமையாக வரும். காசுக் கஷ்டத்தைச் சொல்ல வெட்கப்பட்டு, இரண்டு தடவை போட்டுவிட்டு கிளினிக் பக்கமே போகாமல் விடுகிறவர்கள் நம்மில் அதிகம். முதலே சொன்னால் அவர் வேறு வழி பார்ப்பார். கொலைட்டிஸுக்கு டோஃபசிட்டினிப் என்ற குளிசைகூட இருக்கிறது, அது பயோசிமிலர் இல்லை, சாதாரண இரசாயன மருந்து, இந்தியாவில் ஜெனரிக்காகவே செய்கிறார்கள். அதற்கு இரத்தக் கட்டி, அக்கி போன்ற வேறு ஆபத்துகள் உண்டு.

படி 4: எங்கே, எப்படி வாங்குவது

முதலில் அரச வைத்தியசாலை. கொழும்பு தேசிய வைத்தியசாலை போன்ற பெரிய இடத்துக் குடல் நோய்க் கிளினிக்கில் பதிவு இல்லாமல் நேரே தனியாருக்குப் போகிறவர்களைக் கண்டால் எனக்குக் கவலைதான். அங்கே கிடைக்கும் நேரத்தில் இலவசம். கிடைக்காவிட்டால் விசேட வைத்திய நிபுணர் உங்கள் பெயரில் கோரிக்கை எழுதலாமா என்று கேளுங்கள். எழுதினாலும் நாள் எடுக்கும், அதனால்தான் நோய் முற்றுமுன்னே வரிசையில் நிற்கச் சொல்கிறேன். தனியாரில் காட்டினாலும் அரச கிளினிக் புத்தகத்தை உயிரோடு வைத்திருங்கள்.

காசு கொடுத்து வாங்குவதென்றால் அரச மருந்துக்கடையான ஒசுசலவில் கேட்டுவிட்டு மற்ற இடங்களுக்குப் போங்கள். போனில் விலை மட்டும் கேட்காமல் இவ்வளவையும் எழுத்தில் வாங்குங்கள்: பிராண்ட் பெயர், எந்த நாட்டு எந்தக் கம்பனி, மில்லிகிராம், காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், இறக்குமதி செய்தவர் யார், அடுத்த சரக்கு எப்போது. கடைசிக் கேள்விதான் முக்கியம். "அண்ணா, இதே பிராண்ட் அடுத்த எட்டு மாதத்துக்கும் வருமா?" என்று கேட்டால் நல்ல பாமசிக்காரர் மழுப்பாமல் சொல்லிவிடுவார். 2022இன் தட்டுப்பாட்டைக் கடந்து வந்த நமக்கு இந்தக் கேள்வியின் அர்த்தம் விளக்கத் தேவையில்லை.

பிராண்ட், தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவானதா என்று பாருங்கள். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த அமைப்பு அது. 2023இல் அரச வைத்தியசாலைகளுக்கே தரமற்ற இம்யூனோகுளோபுலின் போலிப் பத்திரங்களோடு வந்த விவகாரம் நாடு முழுக்கத் தெரியும். அதற்காகப் பயோசிமிலரையே வெறுப்பதில் அர்த்தமில்லை. பெட்டி, பதிவு, பில், தொகுதி இலக்கம் நான்கும் கையில் இருந்தால் பிரச்சினை வந்தால் கேட்கவாவது முடியும். பில் தரமாட்டேன் என்கிற இடத்தில் எவ்வளவு மலிவென்றாலும் வாங்காதீர்கள்.

சென்னையிலிருந்து யாராவது வரும்போது கொண்டுவரச் சொல்வது இன்னொரு வழக்கம். புரிகிறது, அங்கே விலை குறைவு. அப்படியென்றால் மருந்துத் துண்டும் டொக்டரின் கடிதமும் வேண்டும், சொந்தப் பாவனைக்குக் கொண்டுவருவதற்கான அனுமதியை அதிகாரசபையிடம் முன்பே கேளுங்கள், பெட்டியைக் கைப்பையோடு கொண்டுவர வேண்டும், லக்கேஜில் போட்டால் உறையலாம். ஒரு வருடம் முழுவதும் யாரோ ஒருவரின் பயணத்தை நம்பி இருக்க முடியுமா என்றும் யோசியுங்கள். முடியாது என்றுதான் நான் நினைக்கிறேன்.

படி 5: காசுக்குக் கை கொடுப்பவை

தனியார் காப்புறுதி இருந்தால் ஒரே ஒரு விஷயம்: இந்த ஊசி அவர்கள் கணக்கில் வைத்தியசாலை அனுமதியா, வெளிநோயாளரா? காலையில் போய் மாலையில் வருவதால் வெளிநோயாளர் என்று சொல்லித் தள்ளுவார்கள். முதல் ஊசிக்கு முன்பே எழுத்தில் பதில் வாங்குங்கள். வீட்டில் போடும் பேனாவுக்கு இன்னும் கஷ்டம். அரச ஊழியர் குடும்பம் என்றால் அக்ரஹார காப்புறுதியைப் பாருங்கள். ஜனாதிபதி நிதியத்துக்கு இப்போது பிரதேச செயலகம் மூலமே விண்ணப்பிக்கலாம், உங்கள் நோயும் சிகிச்சையும் அவர்கள் பட்டியலில் வருகிறதா என்று கேட்டுவிட்டு, காசு கட்டுமுன் விண்ணப்பியுங்கள். கட்டிவிட்டுப் பிறகு கேட்பது கஷ்டம்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அடலிமுமாபைச் சேர்த்து, அதற்கு மாற்றாக இன்ஃப்ளிக்சிமாபையும் சொல்லியிருக்கிறது. "இது ஆடம்பர மருந்து" என்று யாராவது கவுன்டரில் சொன்னால் இதை ஞாபகப்படுத்தலாம்.

படி 6: குளிர்

2 முதல் 8 பாகை செல்சியஸ். உறையக் கூடாது, உறைந்து உருகியது எவ்வளவு விலையென்றாலும் குப்பைதான். பெட்டியின் நடுத்தட்டில் வையுங்கள், கதவில் வேண்டாம், ஃப்ரீசருக்குக் கீழே குளிர்க்காற்று அடிக்கிற மூலையிலும் வேண்டாம். ஒரு சின்ன வெப்பமானி வாங்கிப் பக்கத்தில் வையுங்கள்.

அடலிமுமாப் பெட்டிக்குள் உள்ள துண்டில் "அறை வெப்பத்தில் 14 நாள் வைக்கலாம்" என்ற மாதிரி இருக்கும். அதைப் படித்துவிட்டு நிம்மதியடையாதீர்கள். அந்த அறை வெப்பம் 25 பாகை. கொழும்பில் பகலில் 30ஐ ஒட்டியே நிற்கும், ஏசி இல்லாத வீட்டில் அந்த 14 நாள் சலுகை நமக்கில்லை. இன்ஃப்ளிக்சிமாபுக்கும் இப்படி ஒரு சலுகை உண்டு, பிராண்டைப் பொறுத்து 25 அல்லது 30 பாகை என்று எல்லை மாறும், உங்கள் பெட்டியில் உள்ளதைப் படியுங்கள்.

பாமசியிலிருந்து எடுக்கும்போது ஜெல் பக்கெட் போட்ட பெட்டி, மருந்துக்கும் ஜெல்லுக்கும் நடுவே ஒரு துவாய், நேரே வீட்டுக்கு. காலி வீதி நெரிசலில் ஓட்டோவில் ஒன்றரை மணித்தியாலம் போகும் என்று கணக்கு வைத்தே புறப்படுங்கள். கரண்ட் போனால் பெட்டிக் கதவைத் திறக்காமல் விடுங்கள், சில மணித்தியாலம் தாங்கும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன மாதிரி நிலை வந்தால் ஐஸ் பெட்டிக்கு மாற்றுங்கள், அல்லது பாமசியிலேயே வைத்துத் தேவையான அன்று மட்டும் எடுங்கள். ஒரே தடவையில் வருடச் சரக்கை வாங்கி வீட்டில் அடுக்குவதை இந்தக் காரணத்துக்காகவே நான் சொல்லமாட்டேன். அடுத்த ஒன்று கையில், அதற்கு அடுத்தது பாமசியில் பெயர் எழுதி, அவ்வளவு போதும்.

படி 7: ஏற்றுகிற நாள்

அன்று காய்ச்சலோ, சளியோ, பல்லில் சீழோ, சிறுநீர் எரிவோ இருந்தால் கட்டிலில் ஏறுமுன் சொல்லுங்கள். ஒரு வாரம் தள்ளிப் போடலாம்.

கரைக்கிறதைப் பார்க்க முடிந்தால் பாருங்கள். வயலில் வெள்ளைத் தூள். 10 மில்லிலீட்டர் மலட்டு நீரை ஊசியால் கண்ணாடிச் சுவரில் படும்படி மெதுவாக விடுவார்கள். பிறகு வயலைக் குலுக்கக்கூடாது, விரல்களுக்கிடையில் உருட்டிச் சுழற்ற வேண்டும், குலுக்கினால் நுரை வந்து புரதம் கெடும். ஐந்து நிமிடம் நிற்க விட்டால் நுரை அடங்கித் தெளிவாகும். அதை 250 மில்லிலீட்டர் சாதாரண சேலைனில் கலப்பார்கள், குளுக்கோஸ் சேலைனில் கலக்கக்கூடாது. இரண்டு மணித்தியாலத்துக்குக் குறையாமல் ஏற வேண்டும். அவசரமான வார்டில் வேகத்தைக் கூட்டினால் "மிஸ், டொக்டர் இரண்டு மணித்தியாலம் என்றுதானே எழுதியிருக்கிறார்" என்று மரியாதையாகக் கேட்கலாம், கோபிக்கமாட்டார்கள்.

நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல், தோல் அரிப்பு, நடுக்கம், முகம் சூடாவது இதில் எது வந்தாலும் அடுத்த நிமிடமே சொல்லுங்கள், முடிந்த பிறகு சொல்லலாம் என்று இருக்காதீர்கள். முடிந்த பிறகும் ஒரு மணித்தியாலமாவது அங்கேயே இருக்க வேண்டும். சில நாள் கழித்து மூட்டு வலியும் காய்ச்சலும் வந்தால் அதையும் பதிவு செய்யுங்கள். வெறும் வயலின் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கிக் கொப்பியில் ஒட்டுங்கள்: திகதி, பிராண்ட், தொகுதி இலக்கம், அன்றைய நிறை.

அடலிமுமாபில் பிராண்டுக்குப் பிராண்ட் ஒரு வித்தியாசம் உண்மையிலேயே உண்டு: மருந்து ஒன்றுதான், ஆனால் கூடவே கலக்கிற சிட்ரேட் உப்பு சிலதில் இருக்கும், அது போடும்போது எரியும். சிட்ரேட் இல்லாதது கிடைத்தால் பிள்ளைகளுக்கு அதைக் கேளுங்கள். பேனாவின் பொத்தானும் மாறும், புதுப் பிராண்ட் வந்தால் ஒருமுறை நர்ஸிடம் காட்டிப் பழகுங்கள். ஃப்ரிஜ்ஜிலிருந்து எடுத்து 15 முதல் 30 நிமிடம் வெளியே வைத்துப் போட்டால் நோவு குறையும்.

படி 8: வேலை செய்கிறதா, பிராண்டை மாற்றலாமா

தொடங்குமுன் சிஆர்பி (உடம்பில் அழற்சியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை), ஹீமோகுளோபின், நிறை, மலத்தில் கல்ப்ரொடெக்டின் (குடல் வீக்கத்தைக் காட்டும் புரதம்) எடுத்து வையுங்கள். கல்ப்ரொடெக்டின் விலைதான், ஆனால் ஒரு ஸ்கோப்பைவிட மலிவு. இன்ஃப்ளிக்சிமாபில் 14ஆம் வார ஊசிக்கு முன் உட்கார்ந்து கதைக்க வேண்டும். ஒன்றும் மாறவில்லை என்றால் தொடர்ந்து காசைக் கொட்டுவதில் நியாயமில்லை. இடையில் வேலை செய்து பிறகு தேய்ந்தால், முடிந்த இடத்தில் மருந்தளவையும் எதிர்ப்புப் பொருளையும் இரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். மருந்தளவு குறைவு, எதிர்ப்பும் இல்லை என்றால் அளவைக் கூட்டலாம். அளவு நிறைய இருந்தும் நோய் அடங்கவில்லை என்றால் வேறு வழியில் தாக்குகிற மருந்து தேவை.

எதிர்ப்புப் பொருள் நிறைய வந்து ரெமிகேட் பலிக்காமல் போனவருக்கு ரெம்சிமாவும் பலிக்காது. உடம்புக்கு இரண்டும் ஒன்றே, அதே எதிர்ப்பு அதையும் பிடிக்கும். "மூலம் பலிக்கவில்லை, மலிவானதைப் போட்டுப் பார்ப்போம்" என்று ஒரு வருடக் காசைத் தொலைக்காதீர்கள். பயோசிமிலருக்கு மாற வேண்டியவர், மூல மருந்தில் நன்றாக இருந்தும் விலையால் திணறுகிறவர்தான். டென்மார்க் 2015இல் நாடு முழுவதும் மாற்றியது, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2019இல் குடல் நோயாளிகளையும் மாற்றியது.

மாறும்போது அளவும் திகதியும் அப்படியே, புதிதாக ஆரம்ப ஊசிகள் தேவையில்லை. நோய் அடங்கியிருக்கிற காலத்தில் மாறுங்கள், மாறுமுன் மேலே சொன்ன பரிசோதனைகளைத் திரும்ப எடுங்கள். காரணம் இருக்கிறது: மலிவு மருந்து என்ற பயத்தாலேயே பலருக்கு வயிறு வலிக்கும், அசதி வரும், அது பொய் வலியில்லை, ஆனால் குடல் வீக்கத்தால் வந்ததும் இல்லை. இரண்டு கல்ப்ரொடெக்டின் எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எது எதுவென்று டொக்டருக்குத் தெரிந்துவிடும். பாமசியில் உங்களுக்குச் சொல்லாமலே வேறு பிராண்ட் தந்தால் திருப்பிக் கொடுக்க அவசரப்படாமல் முதலில் கிளினிக்குக்குப் போன் பண்ணுங்கள். வேறு சரக்கே இல்லையென்றால் ஊசியைத் தவறவிடுவதைவிட இன்னொரு பதிவான பயோசிமிலரைப் போடுவது நல்லது என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள்.

காய்ச்சலும் குழந்தையும்

இந்த ஊசியில் இருக்கும்போது 38 பாகைக்கு மேல் காய்ச்சல் என்றால் வீட்டில் பொறுத்துப் பார்க்காதீர்கள். கொழும்பில் முதலில் டெங்கு நினைவுக்கு வரும், சரிதான், குருதி எண்ணிக்கை எடுங்கள், ஆனால் பார்க்கிற டொக்டரிடம் "நான் இன்ஃப்ளிக்சிமாபில் இருக்கிறேன்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அவர் தேடுகிற நோய்களின் பட்டியலே மாறும். பரசிற்றமோல் மட்டும், ஐபுப்ரொஃபென் வேண்டாம், டெங்குவுக்கும் கூடாது குடலுக்கும் கூடாது. வாரக்கணக்கில் இருமல், இரவில் வியர்வை, நிறை குறைவது என்றால் காசநோயைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

கர்ப்பமானால் பயந்து நீங்களாக நிறுத்தாதீர்கள், கிளம்பிய நோய்தான் பெரும்பாலும் பிள்ளைக்கு அதிக ஆபத்து. ஆனால் பிரசவத்துக்குப் போகும் வார்டில் முன்கூட்டியே, எழுத்தில், சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. நம் நாட்டில் பிள்ளை பிறந்ததுமே பிசிஜி போட்டுவிடுவார்கள், யாரும் கேட்கமாட்டார்கள். அது உயிர்த் தடுப்பூசி. தாயின் மருந்து தொப்புள் கொடி வழியே பிள்ளைக்குப் போய் மாதக்கணக்கில் நிற்கும், அந்த நேரம் பிசிஜி போட்டதால் இறந்த குழந்தை பற்றி மருத்துவ இதழில் பதிவு இருக்கிறது. இன்ஃப்ளிக்சிமாப் என்றால் 12 மாதம் வரைகூடத் தள்ளிவைக்கச் சொல்கிறார்கள், எத்தனை மாதம் என்பதைக் குடல் டொக்டரிடம் கேட்டு அந்தக் கடிதத்தை கிளினிக் அட்டையின் முதல் பக்கத்தில் பின் அடித்து வையுங்கள், குடும்ப நல உத்தியோகத்தரிடமும் ஒரு கொப்பி கொடுங்கள்.